ரீச்சரிடம் கேளுங்கள்: வந்த வழியும் வந்த பகையும்

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் ஒரே விடயத்தைத்தான் சுற்றி நின்றன. நாங்கள் எங்கிருந்து வந்தோம், யாரோடு கதைக்காமல் இருக்கிறோம், ஏன் என்று. நான்கை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் அதற்குப் பதில் எழுத எனக்கு வரவில்லை.

ரீச்சர், எனக்கு 24 வயது. கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவின் ஆட்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். சொந்த இடம் எது என்று யாரும் கேட்டால் ‘வவுனியா’ என்று சொல்லும்படி அம்மா சின்ன வயதிலேயே பழக்கிவிட்டா. இப்போது கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீடு யாழ்ப்பாணப் பக்கம். சொன்னால் குழம்பிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். எனக்கோ இந்தியாவில் எங்கள் ஊர் எது என்றுகூடத் தெரியாது. அப்பாவின் சித்தப்பா குடும்பம் அங்கே இருக்கிறதாம். அவர்களைப் பற்றி வீட்டில் கதைக்கவே கூடாது. ஏன் என்றால் ‘அவங்க சரியில்ல’ என்பதோடு பதில் முடிந்துவிடும். நான் என்ன செய்ய?
— வாசகி, பாரதிபுரம்

மகள், முதலில் கலியாணம். சொல்லிவிடுங்கள். பேச்சுக்கால் தொடங்கும்போதே, அப்பா வாயால், சாதாரணமாக. மன்னிப்புக் கேட்பது போன்ற குரலில் மட்டும் வேண்டாம். அதற்குக் குழம்புகிற சம்பந்தம் குழம்பட்டும். தாலி ஏறியபின் தெரியவந்து, சமையலறையில் ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதை விட அது நல்லது.

அம்மாவைப் பிழை சொல்ல மாட்டேன். ‘தோட்டக்காட்டான்’, ‘வடக்கத்தையான்’ என்ற சொற்களைக் காது நிறைய வாங்கி வளர்ந்த தலைமுறை அவ. அந்தச் சொற்கள் உங்கள் காதில் விழக்கூடாது என்றுதான் வவுனியாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தா. நானும் அந்தத் தலைமுறைதான். நானும் வவுனியா என்று சொன்னவள்தான்.

1977 ஆவணியில், 14 வயதில், மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து லொறியில் வந்து இறங்கினேன். லொறியில் ஐந்து குடும்பம். எங்கள் அம்மாயி தன் கொழுந்துக் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினா. ‘தேயிலை இல்லாத ஊருக்கு அது எதுக்கு?’ என்று மாமா சத்தம் போட்டார். அவ பதில் சொல்லவில்லை. இங்கே வந்து அந்தக் கூடையில்தான் விறகு, மரவள்ளிக் கிழங்கு, முருங்கைக்காய் எல்லாம் சுமந்தா. முதுகில் கூடை, உச்சந்தலையில் கயிறு. இந்தப் பக்கத்துப் பெண்கள் தலையிலோ இடுப்பிலோ சுமப்பார்கள். முதுகில் சுமந்துபோகிற கிழவியைப் பார்த்து ரோட்டில் பிள்ளைகள் சிரிக்கும். நான் பத்தடி தள்ளி நடப்பேன்.

சனிக்கிழமைகளில் அம்மாயிக்குத் தலையில் எண்ணெய் வைப்பது என் வேலை. உச்சியில் காதுக்குக் காது இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. விரல் வைத்தால் அந்த இடம் கொஞ்சம் பள்ளமாகத் தெரியும். ‘இது என்ன அம்மாயி?’ என்று ஒருநாள் கேட்டேன். ‘பேரு பதிஞ்ச நாள்லேருந்து கயிறு கெடந்த எடம்டி’ என்றா. 12 வயதில் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தவ. அந்தப் பள்ளத்தில் எண்ணெய் ஊற்றினால் ஓடாமல் கொஞ்ச நேரம் நிற்கும். அது இப்போதும் என் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது.

வீட்டில் அவ ‘அம்மாயி’. பள்ளிக்கூடத்தில் ‘அம்மம்மா’. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்டு நான் படித்து முடித்தேன். பிறகு ஆசிரியையாகி, 90களின் நடுப்பகுதியில் ஒருநாள் கட்டுரைக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். கொப்பியை வாங்கிய சின்னப் பெட்டையொன்று திரும்பி வந்து நின்றாள். ‘ரீச்சர், அம்மாயி பிழையா?’ என்று கேட்டாள். அவள் எழுதிய ‘அம்மாயி’யை நான் சிவப்பு மையால் வெட்டி மேலே ‘அம்மம்மா’ என்று எழுதியிருக்கிறேன். எழுதினதே எனக்குத் தெரியவில்லை, கை தானாகச் செய்திருக்கிறது. அந்த இடத்திலேயே என் எழுத்தை வெட்டி, அவளுடைய சொல்லைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் வவுனியா என்று சொல்வதில்லை.

பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இருக்கிறது, மகள். 1820களில் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலத்தில் எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் தண்ணி இல்லாமலும் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில்லை. அந்த வழியில் வருகிற மன்னாரும் மதவாச்சியும் எங்கே இருக்கின்றன என்று படத்தில் பாருங்கள். வன்னி எங்களுக்கு 1977இல் புதிதாகக் கிடைத்த மண் இல்லை. எங்கள் ஆட்களின் எலும்பு அதற்கு முன்பே இந்தக் காட்டில் கிடந்தது. 2023இல், 200 வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சனம் அதே வழியால் நடந்தபோது நானும் மடு வரைக்கும் போனேன். அதற்குமேல் முழங்கால் விடவில்லை.

நடந்தவர்கள் மலையை வெட்டி, கோப்பி நட்டு, கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை நட்டு, நாட்டுக்குச் சோறு போட்டார்கள். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டார்கள். பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று சனத்தை மூட்டை எண்ணுவது போல எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் கிடந்த சிக்கல் சட்டத்தில் தீர 2003 வரை போனது. இவ்வளவுக்கும் பிறகு நீங்கள் கிளிநொச்சியில் இருந்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

இனி அந்த ‘அவங்க சரியில்ல’. அந்த ஒப்பந்தம் தோட்டத்து வரிசை வீடான ஒவ்வொரு லயத்துக்குள்ளும் புகுந்து பிரித்தது. எங்கள் தாத்தா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதினார். அவருடைய தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, இந்தியாவுக்கு எழுதினார். ஒரே லயம், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. 1972இல் சின்னத் தாத்தா குடும்பம் கோச்சி ஏறியது. தலைமன்னாருக்குப் போகிற அந்தக் கோச்சிக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர். ஸ்டேஷனில் அழுகிற சத்தம் மலைக்கு மேலே கேட்கும். அவர்கள் போய் இரண்டு நாளில் அம்மாயியின் காதில் போடுகிற தண்டட்டி ஒன்றைக் காணவில்லை. சோடியில் ஒன்று. ‘கூடப் பொறந்தவனே திருடிட்டுப் போயிட்டான்’ என்றார் தாத்தா. அதோடு சரி. கடிதம் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போட்டார். அவர் செத்தபின் மாமா போட்டார். ‘அவங்க திருட்டுக் குடும்பம்’ என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அவர்கள் முகமே எனக்கு நினைவில்லாமல் போன பிறகும் அந்தக் கோபம் மட்டும் எனக்குள் அப்படியே இருந்தது.

1990இல் நாங்கள் படகில் ராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இருந்தோம். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளைத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பிய அதே மண்டபம்தான். அங்கேயிருந்து, மாமாவுக்குத் தெரியாமல், அம்மா ஆள்விட்டு விசாரித்து ஒரு கடிதம் எழுதினா. மூன்று கிழமையில் கோத்தகிரியிலிருந்து ஒரு கிழவர் பஸ் மாறி மாறி வந்து முகாம் வாசலில் நின்றார். கையில் மஞ்சள் பை. அதற்குள் இரண்டு கிலோ தேயிலைத் தூள். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘அண்ணி அந்த மத்த தண்டட்டிய என்ன பண்ணுச்சு?’

அவர் சொன்னது இது. கோச்சி ஏறுவதற்கு முதல்நாள் இரவு அம்மாயியே கழற்றிக் கொடுத்தாவாம். ‘கப்பல விட்டு எறங்குனா புள்ளைகளுக்குச் சோறு வாங்கு. அண்ணன்கிட்ட சொல்லாத’ என்றாவாம். இவர் ராமேஸ்வரத்தில் விற்று ஒரு மாதம் சாப்பிட்டிருக்கிறார்கள். பிறகு அந்தக் காசைத் திருப்பித் தருவதாகப் பதினொரு கடிதம் எழுதியிருக்கிறார்.

எது உண்மை என்று கேட்க அம்மாயி இல்லை. 1983இல் போய்விட்டா. நான் சின்னத் தாத்தாவைத்தான் நம்புகிறேன். யோசித்துப் பார்த்தால், திட்டியது முழுக்கத் தாத்தாவும் மாமாவும்தான். தண்டட்டிக்குச் சொந்தக்காரி ஒரு நாளும் வாய் திறந்து அவரைத் திட்டி நான் கேட்டதில்லை. புருஷனுக்குப் பயந்து சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை 18 வருடப் பகையாக ஓடியிருக்கிறது. மாமா கடைசிவரை நம்பவில்லை. மற்றத் தண்டட்டி அம்மாவிடம் இருந்து, 2009இல் போரின் கடைசியில் மாத்தளனில் ஒரு பையோடு போனது.

அதனால் உங்கள் வீட்டில் ‘அவங்க சரியில்ல’ என்று சொல்பவரை விட்டுவிட்டு, அந்தப் பேச்சு வரும்போது எழுந்து அடுப்படிக்குப் போகிறவரைப் பிடியுங்கள். அப்பத்தாவோ அத்தையோ யாராவது இருப்பா. விவரம் அவவிடம் இருக்கும். உயிரோடு இருக்கும்போது கேளுங்கள்.

ஊரைக் கண்டுபிடிக்க: பழைய ட்ரங்குப் பெட்டியைக் கிளறுங்கள். அந்தக் காலத்து இந்தியப் பாஸ்போட்டோ குடியுரிமை விண்ணப்பப் பிரதியோ இருந்தால் சொந்தக் கிராமமும் தாலுகாவும் எழுதியிருக்க வாய்ப்புண்டு. சில வீடுகளில் தகரத் துண்டு இருக்கும். வருகிறவர்களின் கழுத்தில் கட்டிவிட்டது. அதில் இருப்பது தோட்டத்தின் அடையாள இலக்கம். அது போன இடத்தைத்தான் காட்டும், வந்த இடத்தைக் காட்டாது. எல்லாவற்றையும் விடக் குலதெய்வத்தின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி என்று பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சாமியின் பெயர், பொங்கல் வைக்கிற மாதம், வெட்டுகிறது ஆடா சேவலா என்பதை வைத்தே அந்தப் பக்கத்துக்காரர் ஊரைச் சொல்லிவிடுவார்கள். நாங்கள் துறையூர்ப் பக்கம். அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

வணக்கம் ரீச்சர். அப்பப்பா 50களில் தீவுப்பகுதியிலிருந்து வந்து இரணைமடுக் குளத்துக்குக் கீழே காணி எடுத்தவர். பக்கத்துக் காணிக்காரரும் அதே தீவுதான். ஒரு சிறுபோகத்தில் இரவில் வாய்க்காலை வெட்டித் தண்ணி திருப்பியதில் சண்டையாகி, மண்வெட்டி அடி, பொலிஸ், வழக்கு. அன்றிலிருந்து இரண்டு வீடும் கதைப்பதில்லை. 2009இல் மனிக் பாம் முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அந்த வீட்டு அம்மாதான் கஞ்சி வைத்துத் தந்தா. ஊர் திரும்பியதும் ‘முகாம் வேற, காணி வேற’ என்றுவிட்டார் அப்பா. அந்த வீட்டுப் பெடியன் இப்போது கமக்கார அமைப்பில் இருக்கிறான். வாய்க்காலைச் சேர்ந்து துப்பரவாக்குவோம் என்று போன் எடுத்தான். அப்பாவுக்கு 78 வயது. மாட்டேன் என்கிறார்.
— வாசகர், பரந்தன்

தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் காணி வாய்க்காலின் தலைப்பிலா, கடைசியிலா? கடிதத்தில் அது இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தலைப்பில் இருப்பவனுக்கு வரம்பு வழியத் தண்ணி நிற்கும். கடைசியில் இருப்பவனுக்கு ஈரம்தான் வரும். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணி முழு வயலுக்கும் காணாது என்பதால்தானே ஒவ்வொரு வருடமும் கூட்டம் வைத்து இத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிறார்கள். பயிர் குடலை கட்டி, கதிர் வரப்போகிற நேரத்தில் தண்ணி வராவிட்டால் நல்ல மனிசனும் மண்வெட்டியோடு இரவில் இறங்குவான். உங்கள் அப்பப்பாவும் அவரும் ஒரே தீவிலிருந்து, உவர்த் தண்ணி குடித்து, நெல் விளையாத மண்ணை விட்டு, காட்டுக் காய்ச்சலுக்கும் யானைக்கும் நடுவில் வந்து காடு வெட்டியவர்கள். அவர்களுக்குள் முன்விரோதம் இருந்திருக்காது. காணாத தண்ணியை இரண்டு பேருக்குக் கொடுத்து, பக்கத்துப் பக்கத்தில் இருத்திவிட்டார்கள். காணி இடம் மாறாததால் சண்டையும் இடம் மாறாமல் இருக்கிறது.

அப்பாவைக் கதைக்க வைக்கப் பார்க்காதீர்கள். 78 வயதில் அவர் போய்க் கைகொடுத்தால்தான் சமாதானம் என்றில்லை. நீங்கள் வாய்க்காலுக்குப் போங்கள். ஆனால் அவருக்குத் தெரியாமல் போகாதீர்கள். முதல்நாள் இரவு சொல்லிவிட்டுப் போங்கள்: ‘அப்பா, நாளைக்கு வாய்க்கால் வெட்டப் போறன், அவங்களும் வருவினம்.’ சத்தம் போடுவார். போடட்டும். பிறகு ஆறுதலாக இருக்கிற ஒரு நேரத்தில், யார் பிழை என்று கேட்காமல், எந்த வருடம், எந்த மதகு, எத்தனை நாள் தண்ணி வரவில்லை, அந்தப் போகம் எத்தனை மூட்டை வந்தது என்று கேளுங்கள். கமக்காரனிடம் வயலைப் பற்றிக் கேட்டால் கோபத்தை மறந்து கணக்குச் சொல்லத் தொடங்குவான். நான் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கஞ்சி தந்த அம்மா இருக்கிறாவா? இருந்தால் உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய் வாருங்கள். அது வாய்க்கால் விடயம் இல்லை, அதற்கு அப்பாவின் அனுமதியும் தேவையில்லை.

அரசாங்கம் அப்பாவுக்குக் கொடுத்த பெர்மிற் காணி மூத்தவன் என்று அண்ணாவின் பெயருக்குப் போய்விட்டது. அப்பாவோடு களை எடுத்து, கடைசிவரை பார்த்தது நான். பத்து வருடமாக அண்ணாவின் பிள்ளைகள் என் வாசலுக்கு வருவதில்லை. சட்டமே அப்படியா?
— வாசகி, விசுவமடு

அப்படித்தான் இருந்தது, தங்கச்சி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணிக்கு, உரித்தாளர் என்று ஒருவரையும் எழுதாமல் தகப்பன் கண்ணை மூடினால், மகனுக்குப் பிறகுதான் மகள் என்று வரிசை எழுதி வைத்திருந்தார்கள். வன்னியில் எத்தனை அண்ணன் தங்கச்சிமார் இந்த ஒரு வரியால் கதைக்காமல் போனார்கள் என்று எனக்குத் தெரியும். 2022இல் வந்த திருத்தம் அந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியிருக்கிறது. ஏற்கெனவே பெயர் மாறிய உங்கள் காணிக்கு அது உதவுமா என்பதைப் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பெர்மிற் பிரதியோடு போய்க் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டு வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

அண்ணா உங்களை ஏமாற்றினாரா, அல்லது சட்டம் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தாரா? இரண்டும் ஒன்றில்லை. இரண்டாவதும் எனக்குச் சரியாகப் படவில்லை, உங்கள் உழைப்புக்கு ஒரு துண்டு வயலின் விளைச்சலையாவது அவர் தந்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு இதில் என்ன பங்கு? அவர்களைப் பெயர் சொல்லி நீங்கள்தான் முதலில் கூப்பிட வேண்டும். அத்தை கூப்பிட்டால் வரும் பிள்ளைகள்.

யாழ்ப்பாணத்தார் வந்தார்கள், மலையகத்தார் வந்தார்கள். எல்லாரும் தங்கள் வேரைப் பற்றிப் பெருமையாகக் கதைக்கிறார்கள். இங்கேயே பரம்பரையாக இருக்கிற எங்களைப் பற்றி யார் கதைக்கிறார்கள்? நாங்கள்தான் வன்னியின் சொந்தக்காரர்.
— வாசகர், முள்ளியவளை

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. நெடுநாளாக வன்னி என்றால் வெறுங்காடு, யாரோ வந்து வெட்டித் திருத்தியது என்றுதான் வந்தவர்கள் கதைத்தார்கள். காட்டுக்குள் ஊர் இருந்தது, குளம் இருந்தது, நெல் இருந்தது, 1803இல் வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற பண்டாரவன்னியன் இருந்தான். அவனைத் தோற்கடித்தோம் என்று அவர்கள் நட்ட கல்லே கற்சிலைமடுவில் அவன் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தது. வந்த எங்களுக்கு எந்த மரத்தில் கயிறு கட்டலாம், எந்தக் குளத்தில் முதலை, யானை எந்த மாதம் எந்தப் பக்கம் என்று சொல்லித் தந்தது உங்கள் ஆட்கள். என் அம்மாவுக்கு முதல் விதைநெல் கொடுத்ததும் ஒட்டுசுட்டானில் ஒரு பழைய வன்னிக் குடும்பம்தான். கடனாகக் கூடக் கணக்கு வைக்கவில்லை.

சொந்தக்காரர் என்ற சொல்லில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம். உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வற்றாப்பளை அம்மன் இருக்கிறா. மதுரையை எரித்துவிட்டுக் கடல் கடந்து வந்து, ஒவ்வொரு இடமாகத் தங்கித் தங்கி, பத்தாவது பளையாக, அதாவது தங்குமிடமாக, நந்திக்கடல் ஓரத்தில் அமர்ந்தாள் கண்ணகி என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொன்னீர்கள். கிழவி உருவில் வழிப்போக்காக வந்த அவளை, மாடு மேய்த்த பிள்ளைகள் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. புக்கை பொங்கிக் கொடுத்தார்கள், எண்ணெய் இல்லாமல் கடல் தண்ணியில் விளக்கேற்றினார்கள். இன்றைக்கும் வைகாசியில் தீர்த்தக்கரையில் உப்புத் தண்ணி எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த விளக்கை ஏற்றுவது உங்கள் ஊராட்கள்தான்.

இந்த வைகாசிக்கு நானும் வருகிறேன். பாரதிபுரத்து மகளையும் வரச் சொல்லியிருக்கிறேன். அம்மனுக்குப் படைக்கிற மடைப் பண்டம் எடுத்து வருகிற வழியில் எங்கே நின்றால் நன்றாகப் பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.